மூன்று மணி நேரக் கல்யாண கேசட்டை இணையத்தில் ஏற்றுவது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். கோபிசெட்டிபாளையம் பக்கத்து மண்டபம் ஒன்றில் 1996இல் நடந்த உங்கள் பெற்றோரின் திருமண விஎச்எஸ் கேசட்டைக் கடையில் கொடுத்து, கணினிக் கோப்பாக மாற்றி வாங்கியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரம், 39 ஜிபி. கூடவே, ஊர் நோம்பியில் ஆடிய வள்ளி கும்மியை ஐபோனில் எடுத்த இருபது நிமிட வீடியோ, 8 ஜிபி. துபாயில் இருக்கும் அண்ணனும் கனடாவில் இருக்கும் அத்தையும் இரண்டையும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 8 மெகாபிட். பாதி போவதற்குள் அறுந்துவிடுகிறது. ஏதோ ஒரு இலவச மென்பொருளில் சுருக்கிப் பார்த்தால், கை அசையும் இடங்களில் பல் பல்லாகக் கோடுகள் தெரிகின்றன. முகங்கள் ஒட்டிப்போய் நீளமாகிவிட்டன.

கேசட்டை 2 ஜிபிக்குள் கொண்டுவந்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த வேலையில் பாதியை மென்பொருள் செய்யாது, நீங்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு வீடியோ எத்தனை நொடி ஓடுகிறது, ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் செலவாகிறது, இந்த இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட்டில் கோப்பின் அளவு வந்துவிடும். உங்கள் கடைக்காரர் கொடுத்திருப்பது டிவி (DV) எனப்படும் வீடியோ வடிவம், தொலைக்காட்சியைச் சொல்லும் டிவி இல்லை. அதில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட். ஒலியும் மற்றவையும் சேர்ந்து 29க்குப் பக்கத்தில் வரும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, மூன்று மணி நேரத்துக்கு 39 ஜிபி. கணக்குச் சரியாக இருக்கிறது. அவர் உங்களை ஏமாற்றவில்லை, நன்மையே செய்திருக்கிறார். பல கடைகளில் டிவிடிக்குச் சுருக்கித்தான் கொடுப்பார்கள். பிறகு நாம் இன்னொரு முறை சுருக்கும்போது படம் மேலும் கெடும். இந்த 39 ஜிபியை 8 மெகாபிட் இணைப்பில் ஏற்றக் கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் மின்சாரமும் போகாமல் இணைப்பும் அறாமல் இருப்பது நம் பக்கம் நடக்கிற காரியமா?

செய்யக் கூடாதவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிப் செய்வது வீண். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட பொருள், ஜிப்பால் அதில் பிழிந்தெடுக்க ஏதுமில்லை. இணையத்திலேயே சுருக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். சுருக்குவதற்கே 39 ஜிபியையும் முதலில் அங்கே ஏற்றியாக வேண்டும். அது முடிகிற காரியமானால் நேராக யூடியூபிலேயே ஏற்றியிருப்பீர்களே. வீட்டுப் பெண்களின் கல்யாணப் படத்தை முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் கொண்டுபோய் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது, படத்தின் நீள அகலத்தைக் குறைப்பது. கேசட் படத்தின் நீள அகலம் ஏற்கெனவே சிறியது, 720க்கு 576. அதையும் பாதியாக்கினால் மணமேடையில் யார் அப்பாரு, யார் சடங்கு நடத்தும் அருமைக்காரர் என்பதே தெரியாது.

முதல் வேலை, வெட்டுவது. தொண்ணூறுகளில் எடுத்த கல்யாண கேசட் எதுவானாலும் அதில் மூன்றில் ஒரு பங்காவது யாரும் இரண்டாம் முறை பார்க்காத பகுதியாக இருக்கும். தொடக்கத்தில் பத்து நிமிடம் சாமி படங்களும் எழுத்துகளும் வரும். மண்டபத்து சீரியல் பல்புகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டுவார்கள், அதையே இன்னொரு முறையும் காட்டுவார்கள். மணமக்களின் முகம் தாமரைப் பூவுக்குள்ளிருந்து சுழன்று வந்து இதய வடிவமாகி மறையும். ஸ்டூடியோக்காரருக்குப் புதிதாக ஒரு மிக்ஸர் வந்திருந்தால் அதிலுள்ள எல்லா வித்தையையும் உங்கள் கல்யாணத்திலேயே காட்டியிருப்பார். இவற்றை எடுத்துவிடுங்கள். மணமேடையில் பரிசு கொடுக்கும் வரிசையில் போட்டோவுக்காகக் காத்து நிற்கும் நேரத்தையும் எடுத்துவிடலாம். ஒவ்வொருவர் முகமும் ஒரு முறை தெரிந்தால் போதும்.

பந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள். வீடியோ லைட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, சாப்பிடுகிறவரைச் சாப்பிட விடாமல் எடுத்த அந்த நாற்பது நிமிடம் வெட்டத் தோதானதாகத்தான் தெரியும். வெட்டிவிட்டு அத்தைக்கு அனுப்பினால் முதலில் கேட்பது அதைத்தான். மேடையில் ஏறாத பெரியப்பாவும், பின்னால் நின்று பரிமாறிய பங்காளி வீட்டுப் பையனும், இன்று இல்லாத அம்மாயியும் பந்தியில் மட்டும்தான் இருப்பார்கள். இணைச்சீர், மங்கலவாழ்த்து, தாலி கட்டு ஆகியவையும் முழுதாக இருக்கட்டும். மங்கலவாழ்த்து நீளமாயிற்றே என்று நடுவில் வெட்டினால் பெரியவர்களிடம் நல்ல பெயர் வாங்க முடியாது.

வெட்டுவதற்கு லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தைத் திரும்பச் சுருக்காமல், வேண்டிய துண்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொடுக்கும். டிவி (DV) வடிவத்தில் ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருப்பதால் நினைத்த இடத்தில் வெட்டலாம். கைபேசி வீடியோவில் அப்படி முடியாது. அங்கே சில சட்டகங்கள் மட்டும் முழுப் படமாகவும் மற்றவை மாற்றக் குறிப்பாகவும் இருக்கும் என்பதால், வெட்டு ஓரிரு நொடி முன்னே விழும். மூன்று மணி நேரம் ஒன்றரை மணி நேரமாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிட்டைக்கூடச் சுருக்காமல் பாதி குறைந்துவிட்டது.

இனிதான் சுருக்கம். வீடியோ சுருக்கும் முறை பெரும்பாலும், போன சட்டகத்துக்கும் இந்தச் சட்டகத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் எழுதிவைப்பது. பவானி ஜமக்காளத்தைப் போனில் வர்ணிக்கச் சொன்னால், இத்தனை அங்குலம் சிவப்பு, இத்தனை அங்குலம் பச்சை என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். உடல் முழுக்கப் பூ வேலை செய்த பட்டுச் சேலையை வர்ணிக்க ஒரு மணி நேரம் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசும் பாட்டியின் வீடியோ, ஸ்டாண்டில் வைத்து எடுத்தது என்றால், ஜமக்காளம். கொடிவேரி அணையில் விழும் தண்ணீர், பண்ணாரிக் குண்டத்துப் புகையும் கூட்டமும், நூறு பேர் வட்டமாக ஆடும் வள்ளி கும்மி ஆகியவை பட்டுச் சேலை. ஆகவே எல்லா வீடியோவுக்கும் பொதுவாக ஓர் எண்ணை யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேசட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய டேப்பில் படம் முழுக்க மணல் தூவியதுபோல் ஒரு நெளிவு ஓடிக்கொண்டே இருக்கும். நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. சுருக்கும் மென்பொருளோ அதையும் அசைவு என்று எண்ணி, ஒவ்வொரு சட்டகத்திலும் அதற்காகப் பிட்டைச் செலவழிக்கும். உங்கள் கோப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மென்பொருள் என்றால் ஹேண்ட்பிரேக். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேசட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். கோப்பு வகை எம்பி4, படத்துக்கு எச்.264. இது 2003இல் வந்த முறை. உறவினர் வீட்டுப் பழைய டிவியானாலும் மடிக்கணினியானாலும் தகராறு செய்யாமல் ஓட்டும். அதற்குப் பின் 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறக்குறையப் பாதி அளவில் கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அத்தை வீட்டுக் கணினி அதைத் திறக்க மறுத்தால் கனடாவிலிருந்து நள்ளிரவில் போன் வரும். மிச்சப்பட்ட இடத்தால் ஒரு பயனும் இருக்காது.

தரத்துக்கு ஆர்எஃப் என்று ஒரு நகர்த்தி இருக்கும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். கேசட் அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை என்பது ஹேண்ட்பிரேக் கொடுக்கும் வழிகாட்டல். நான் 20இல் தொடங்குவேன். இந்த முறையின் அழகு, திண்ணைப் பேச்சுக்குக் குறைவாகவும் கும்மிக்கு அதிகமாகவும் மென்பொருளே பிட்டைப் பங்கிட்டுக்கொள்வது. எண்ணை ஆறு கூட்டினால் அளவு தோராயமாகப் பாதியாகும், ஆறு குறைத்தால் இரண்டு மடங்காகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கும் சிரமம் குறையும். என்கோடர் வேகம் என்று இன்னொரு நகர்த்தி உண்டு. அதை ஸ்லோ பக்கம் தள்ளினால் அதே தரத்துக்குக் கோப்பு இன்னும் சிறிதாகும், கணினிதான் கூடுதல் நேரம் உழைக்கும். கிராபிக்ஸ் கார்டை வைத்து வேகமாக முடிக்கும் தேர்வுகளும் பட்டியலில் இருக்கும். அவசரத்துக்குச் சரி, அளவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அவற்றைத் தொடாதீர்கள்.

இப்போது அந்தப் பல் பல்லான கோடுகள். நம் நாட்டு விஎச்எஸ் படம் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவானது. நொடிக்கு 25 சட்டகம். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதியாக, ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. அட்சதை போடும் கை அந்த இடைவெளிக்குள் சற்று நகர்ந்துவிடும். இரண்டு பாதியையும் ஒன்றாகக் கோத்துக் காட்டினால், கையின் விளிம்பில் ஒரு வரி இங்கும் ஒரு வரி அங்குமாக நிற்கும். பழைய பெட்டி டிவி இரண்டையும் தனித்தனியாகக் காட்டியதால் அது தெரிந்ததில்லை. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பக்கம் போய் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள், கோடுகள் போய்விடும். இதைச் செய்யாமல் சுருக்கினால் படம் கெடுவதோடு அளவும் கூடும். அந்தக் கோடுகளைச் சேமிக்கவும் பிட் வேண்டுமே.

அதே பக்கத்தில் டீநாய்ஸ் என்பது நான் சொன்ன மணலைக் குறைப்பது. என்எல்மீன்ஸ் என்பதை எடுத்து லைட் அளவில் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகி, பட்டுச் சேலையின் ஜரிகைக் கரை வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும். படம் ‘சுத்தமாக’ இருக்கிறது என்று சிலர் இதைத்தான் விரும்புகிறார்கள். எனக்குப் பிடிக்காது.

படத்தின் அடி விளிம்பைக் கவனித்திருக்கிறீர்களா? கடைசி எட்டுப் பத்து வரிகள் மட்டும் பக்கவாட்டில் கிழிந்து துடித்துக்கொண்டிருக்கும். டேப்பைப் படிக்கும் தலை மாறும் இடம் அது. பெட்டி டிவியின் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. கிராப் பகுதியில் அடியில் 10 அல்லது 12 என்று போட்டு வெட்டிவிடுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும். ஓயாமல் துடிக்கும் அந்தப் பட்டைக்குச் செலவாகும் பிட்டும் மிச்சம்.

முகம் ஒட்டிப்போனதற்குக் காரணம் புள்ளிகளின் வடிவம். 720க்கு 576 என்பதை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். உண்மையில் அது 4க்கு 3 என்ற விகிதப் படம். டைமென்ஷன்ஸ் பக்கத்தில் அனமார்பிக் என்பதை நிறுத்திவிட்டு, அகலம் 768, உயரம் 576 (அடியில் 12 வரி வெட்டியிருந்தால் 564) என்று போடுங்கள். மணமகன் பழைய உடம்புக்குத் திரும்பிவிடுவார். அகலத் திரை டிவி முழுக்க நிரம்ப வேண்டும் என்று 16க்கு 9ஆக இழுத்துவிடாதீர்கள், இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏஏசி முறையில் நொடிக்கு 128 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பிதான். அதைப் பாதியாக்கி நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. நாதஸ்வரம்தான் தகர டப்பாவுக்குள் வாசித்ததுபோல் ஆகும்.

முழுப் படத்தையும் ஓட்டுவதற்கு முன் இரண்டு சிறு துண்டுகளைச் சோதித்துப் பாருங்கள். ரேஞ்ச் என்ற இடத்தில் நொடிக் கணக்கில் தொடக்கமும் முடிவும் கொடுக்கலாம். மங்கலவாழ்த்துப் பாடும் இடத்தில் ஒரு நிமிடம், மாப்பிள்ளை அழைப்புக் கூட்டத்தில் ஒரு நிமிடம். இரண்டின் அளவுக்கும் நடுவில் ஒன்றை எடுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் முழுக் கோப்பு எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். நொடிக்கு 3 மெகாபிட் என்ற அளவில் வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு 2 ஜிபி. உங்கள் இணைப்பில் முப்பத்தைந்து நிமிடத்தில் ஏறிவிடும்.

கும்மி வீடியோவின் கதை வேறு. ஐபோனில் 4கே, நொடிக்கு 60 சட்டகம் என்று வைத்து எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி என்று அதன் அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இருபது நிமிடத்துக்கு 8 ஜிபி, உங்களுடையது அதுதான். இங்கே நீள அகலத்தைக் குறைப்பதில் தவறில்லை. 4கேயிலிருந்து 1080க்கு வந்தால் புள்ளிகள் நாலில் ஒரு பங்காகும். அத்தை கைபேசியிலோ ஹால் டிவியிலோ பார்க்கும்போது வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆர்எஃப் 22. சட்டகம் 60 அப்படியே இருக்கட்டும். கும்மியில் கை தட்டும் வேகத்துக்கும் சுற்றித் திரும்பும் வேகத்துக்கும் 30 போதாது, கைகள் மங்கலாகத் தெரியும். சட்டக வேகத்தை கான்ஸ்டன்ட் என்று மாற்றிவிடுங்கள். கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்வதால், சில மென்பொருள்களில் போகப் போகப் பாட்டு ஒரு பக்கமும் கைதட்டு ஒரு பக்கமும் ஆகிவிடும். அடுத்த நோம்பிக்கு 1080, 60 சட்டகம் என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 90 எம்பிதான், இந்தப் பாடே இல்லை.

எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் சுருக்கும் அளவு மாறும். யூடியூப் நீங்கள் எதைக் கொடுத்தாலும் தன் பங்குக்கு மீண்டும் சுருக்கும். அதற்குப் போகிற கோப்பை ரொம்பவும் பிழியாமல், ஆர்எஃப் 18 அளவில் விடுவது நல்லது. ஏற்கெனவே பிழிந்ததை அது திரும்பப் பிழிந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். புதுக் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, கைபேசி எண்ணைச் சரிபார்த்தால் அந்தத் தடை போகும். ஏற்றும்போது பப்ளிக் என்பதைத் தொடாமல் அன்லிஸ்டெட் என்று வைத்து, இணைப்பை மட்டும் உறவினர்களுக்கு அனுப்புங்கள். அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் பார்க்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது தானே சுருக்கி, நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். டாக்குமென்ட்டாக 2 ஜிபி வரை போகும். இப்படி ஓர் உச்சவரம்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஆர்எஃப் முறையை விட்டுவிட்டு, சராசரி பிட் வேகத்தைக் கொடுத்து இரண்டு சுற்று ஓட்டுவது பொருத்தம். 1800 எம்பி இலக்கு என்றால் அதை எட்டால் பெருக்கி 5400 நொடியால் வகுங்கள்: 2.67 மெகாபிட். ஒலிக்குக் கொஞ்சம் கழித்து, படத்துக்கு 2500 கிலோபிட் என்று கொடுத்தால் இலக்கை ஒட்டி வந்து நிற்கும்.

கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதிலேயே ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனாலும் கல்யாண வீடியோவுக்கு யூடியூபைவிட அதையே நான் சொல்வேன். ஸ்டூடியோக்காரர் சடங்குகளுக்கு இடையே சினிமாப் பாட்டுகளை ஒட்டியிருப்பார், ஒட்டாத கேசட்டே கிடையாது. யூடியூப் அந்தப் பாட்டுகளைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். உரிமைதாரர் விருப்பப்படி விளம்பரம் வரலாம், சில நாடுகளில் படமே தெரியாமலும் போகலாம், அன்லிஸ்டெட் என்றாலும் விலக்கில்லை. பாட்டு வரும் இடங்கள் பெரும்பாலும் அந்தத் தாமரைப் பூ வித்தைகள்தான் என்பதால், வெட்டும்போதே அவற்றில் பாதி போயிருக்கும். மிச்சமிருக்கும் இடங்களில் ஒலியை மட்டும் அணைத்துவிடலாம்.

39 ஜிபி மூலக் கோப்பை மட்டும் இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் இப்படிப்பட்ட கேசட்டுகள் இருபத்தைந்து அடங்கும். சித்தப்பா, மாமன் வீட்டுக் கேசட்டுகள் பீரோ மேல் பூஞ்சை பிடித்துக் கிடந்தால் அவற்றையும் இப்போதே மாற்றி அதே டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுக்கும்போது டிவிடி வேண்டாம், டிவி (DV) கோப்பாகவே வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பூஞ்சை வெள்ளையாகத் தெரிகிற கேசட்டை அதற்கு முன் வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம். டெக்கின் தலையும் அழுக்காகும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.